நூற்றாறு கோப்புகளும் கியூசி அக்காவும்

“ஆச்சு” என்று யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டரை மாட்டியாச்சு என்று கடைக்காரர் சொன்னால், குனிந்து மூக்கை வைத்துப் பார்ப்பார். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை வாங்கிய இடத்திலேயே பிரித்து, நெத்திலி இருக்கிறதா என்று பார்த்து, அதே மடிப்பில் மறுபடி மடித்துக்கொள்வார். கல்யாண மண்டபத்தில் “பொண்ணு வந்தாச்சு” என்று முன்வரிசையில் குரல் எழுந்தால், மற்றவர்கள் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டுவோம். அவர் மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “வந்திருச்சு” என்று சொல்லி உட்காருவார். எங்கள் வரிசையைப் பொறுத்தவரை மணப்பெண் அப்போதுதான் வந்ததாக அர்த்தம்.

மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டியைத் தாண்டிப் போகும் ஒரு சந்தில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் அவர் இருந்தார். பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. சந்தில் எல்லோருக்கும் அவர் கியூசி அக்கா. ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் ‘கியூசி’ என்னும் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து, சரியாக இருந்தால் ‘சாப்’ என்னும் முத்திரை குத்துவது அவர் வேலை. என்னைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு எதிரெதிரே பல வருடம் குடியிருந்தோம்.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு, முன்கூடத்தில் ஒரு நீள மேசையைப் போட்டுக் கணினி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். கடையில் வாங்குவதைவிட உறுதியாக இருக்கும். ஒரே ஒரு தொல்லைதான். பழைய கணினியில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தரச் சொன்னால், மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பார். பார்ப்பது மட்டுமல்ல, வாய்விட்டு வாசிப்பார். கண்ணால் மட்டும் ஓட்டினால் மனசு தாவிவிடுமாம்.

“வாய் தாவாதுண்ணே. வாய்க்கு ஒவ்வொரு எழுத்தா போயாகணும்.”

இதனால் சந்தில் பலருடைய அந்தரங்கம் அந்த மேசைமேல் ஒலித்திருக்கிறது. ஓய்வுக்குக் காத்திருந்த ஒரு தலைமையாசிரியரின் கணினியில் ராஜினாமாக் கடிதங்கள் ஏழு இருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. அத்தனையையும் வாசித்து முடித்து, “சார், ஏழாவதுதான் நல்லா வந்திருக்கு. ஆனா மூணாவதுல கோவம் ஜாஸ்தி, அது எனக்குப் புடிச்சிருக்கு” என்றாராம். தலைமையாசிரியரே என்னிடம் சொன்னது. அவர் எட்டாவது எழுதவில்லை.

இன்னொரு முறை, தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். முன்னோருக்குப் படையல் வைக்கும்போது வாழையிலையில் என்னென்ன பலகாரம், என்னென்ன கறி என்று அவர் குடும்பத்தில் பட்டியல் தட்டி வைத்திருந்தார்கள். அவர்களுடைய மலாயில் எழுதியது. அக்கா அதையும் உரக்க வாசித்து, வெள்ளரிக்காய் சம்பல் இரண்டு தடவை வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பெரியவர் தம் மலாயில் நிதானமாக விளக்கினார்: தாத்தாவுக்கு அது மிகவும் பிடிக்கும், அவருக்கு மட்டும் இரண்டு தடவை வைப்போம். அக்கா யோசித்துவிட்டு, “அப்ப சரி லா. அவரு கேட்டிருக்காருல்ல” என்று தம் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு சரிக்குறி போட்டார்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அந்த மேசையில் வாசித்தது எதுவும் அந்த வாசலைத் தாண்டி வந்ததில்லை. வெளியே சொன்னவர்கள் எல்லாம் அந்தக் கோப்புகளுக்குச் சொந்தக்காரர்களே.

இனி என் கணினிக்கு வருகிறேன்.

நான் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஐம்பத்தேழில் பிறந்தவன். சுதந்திரத்துக்கான தேதியை மக்கள் கூட்டத்தில் முதலில் அறிவித்தது எங்கள் மலாக்காத் திடலில் என்பதால், தேதிகள்மீது எங்கள் ஊருக்குத் தனி உரிமை உண்டு என்பது என் எண்ணம். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை முடிந்து வந்ததும் ஊர்க்குறிப்பு எழுதுவேன். எந்தக் கடை எந்த நாள் மூடியது, ஆற்றுநீர் எந்தப் படிவரை ஏறியது, தேர் எத்தனை மணிக்கு எங்கள் சந்துமுனையைத் தாண்டியது, எல்லாம். தொண்ணூற்றொன்று ஜனவரியிலிருந்து கணினியில் எழுதத் தொடங்கினேன். மாதத்துக்கு ஒரு கோப்பு.

தொண்ணூற்றொன்பதில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. இரண்டாயிரம் பிறந்ததும் கணினிகளெல்லாம் ஆண்டை மறந்துவிடும் என்று ஊரெங்கும் பேச்சு. தேதியை மறக்கும் இயந்திரத்தோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? அது போதாதென்று, என் பழைய ஹார்ட் டிஸ்க் ‘டக், டக்’ என்று பல்லி போலச் சத்தம் போட ஆரம்பித்தது. அதற்குள் இருந்தவை நூற்றாறு கோப்புகள். ஒன்றைக்கூட நான் தாளில் அச்செடுத்து வைத்திருக்கவில்லை. பத்திரமாக உள்ளேதானே இருக்கிறது என்ற தைரியம். புத்தாண்டுக்குள் எல்லாவற்றையும் அச்செடுத்து, தைத்து, தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வைப்பதாக வாக்கும் கொடுத்திருந்தேன். டிஸ்க் செத்தால் ஒன்பது வருட மலாக்கா அதோடு போய்விடும்.

தீபாவளி முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை, பழைய கணினியைத் துண்டில் சுற்றி எதிர்வீட்டுக்குத் தூக்கிப் போனேன். எனக்கென்று கட்டிய புதுக் கணினி மேசைமேல் வயிறு திறந்து நின்றது. அக்கா பழையதைத் திருகு கழற்றித் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே, இது என்னா?”

“சந்தனம்.”

“அது தெரியுது. உள்ளே எப்படி வந்துச்சு?”

“சரஸ்வதி பூஜைக்கு வச்சது. வெளியே மட்டும் வச்சா எப்படிக்கா? வேலை செய்யுறது எல்லாம் உள்ளேதானே இருக்கு.”

“ஒண்ணுவிடாம வச்சிருக்கீங்களே! காத்தாடிக்கு வச்சிருக்கீங்க, பேட்டரிக்கு வச்சிருக்கீங்க...” ஹார்ட் டிஸ்க்கை வெளியே உருவி வெளிச்சத்தில் பிடித்தார். “ஐயோ, ஊசிக்கு நடுவுல ஒரு பொட்டு. குங்குமத்தோட.”

எதையும் விட்டுவிடாமல் செய்வது என் பழக்கம். அன்றுதான் அதற்காக வெட்கப்பட்டேன். பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் நனைத்து, இணைப்பு ஊசிகளுக்கு இடையிலிருந்த சந்தனத்தை அரைமணி நேரம் துலக்கினார். டிஸ்க்கின் மேல்மூடியில் இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை. “இது இருக்கட்டும். இன்னிக்கு இதுக்குத் தேவைப்படும்” என்றார்.

பழையதைப் புதியதோடு ஒரே பட்டை வயரில் மாட்டிக் கணினியைப் போட்டால், இரண்டு டிஸ்க்கும் தெரியவில்லை. அக்கா சிரித்தார்.

“ரெண்டும் நான்தான் பெரியவன்னு நிக்குது. ஒரு வீட்டுல ரெண்டு மாமியார் இருந்தா சோறு வேகுமா? பழசைக் கொஞ்சம் பணியச் சொல்லணும்.”

டிஸ்க்கின் பின்புறத்தில் நெல்மணி அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. அதைக் கிடுக்கியால் பிடுங்கி, பக்கத்து ஊசிக்கு மாற்றினார். அடுத்த தடவை இரண்டும் தெரிந்தன. ‘டக், டக்’ மட்டும் நிற்கவில்லை. திரையில் ஒரு காகிதம் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பறந்து பறந்து போனது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பறப்பது நின்றது. நூற்றாறு கோப்புகள் என்று எண்ணிக்கையும் சரியாக வந்தது.

“ஆச்சு!” என்றேன்.

“கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லும். நீங்க பார்த்தீங்களா?”

முதல் கோப்பைத் திறந்தார். உள்ளே ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் கேள்விக்குறியும் கலந்து கொட்டிக் கிடந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான் திரையருகே குனிந்து பார்த்தேன். அக்காவின் முகத்திலோ, சொல்லக்கூடாது, ஒரு மகிழ்ச்சி.

“பார்த்தீங்களா! ஆச்சுன்னு சொல்லிச்சு. நீங்களும் ஆச்சுன்னீங்க. பழசைத் தூக்கிப் போட்டிருந்தா?”

நானாக இருந்திருந்தால் போட்டிருப்பேன். கொஞ்ச நேரம் அவர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். பிறகு, தமிழ் எழுத்தை எங்கிருந்து வாங்கினேன் என்று கேட்டார். கோலாலம்பூரில் ஒரு நண்பர் நெகிழ்வட்டில் கொடுத்தது என்றேன். அந்த எழுத்துரு பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. கோப்புகள் வந்துவிட்டன, எழுத்து வரவில்லை. அதைத் தேடிப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்ததும், திரையில் குப்பையாகக் கிடந்தது வரிவரியாகத் தமிழாகித் திரும்பியது. நான் எழுதியதை நானே முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

“இப்ப வாசிப்போம்” என்று அக்கா பயிற்சிப் புத்தகத்தில் ஒன்று முதல் நூற்றாறு வரை எண் போட்டார். திரையில் பழையது ஒரு ஜன்னலில், புதியது ஒரு ஜன்னலில். ஒவ்வொரு மாதத்திலும் முதல் வரி, நடுவில் ஒரு பத்தி, கடைசி வரி. என் குறிப்புகளை இன்னொருவர் குரலில் கேட்பது சுகமாகவே இருந்தது. கடை மூடியது, மழை பெய்தது, தேர் வந்தது. ஆனால் அக்கா சும்மா வாசிப்பவரா?

“அண்ணே, இது என்னா? ‘இன்று காலை 6.40க்கு நம் சந்தின் மூத்த தையற்காரர் காலமானார். நல்ல மனிதர்.’ இவரு நேத்துதான் என்கிட்ட வந்து கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிட்டுப் போனாரு!”

“அது... ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதுக்குள்ள யாரோ வந்து சொன்னாங்க.”

“மணி மட்டும் ரொம்ப கரெக்டா போட்டிருக்கீங்க.”

“கீழே பிழைன்னு போட்டிருக்கேனே.”

“மூணு நாள் கழிச்சு! ‘மேற்படியார் இன்று நம் வீட்டுக்கு வந்து நாளிதழ் கேட்டார். முந்தைய குறிப்பு பிழை.’” மேசையில் கையால் அடித்துச் சிரித்தார். “மூணு நாளா மனுசனைச் சாகடிச்சு வச்சிருந்தீங்களா?”

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தொண்ணூற்று மூன்றுக்கு வந்துவிட்டார். ஜனவரி. பிப்ரவரி. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நான் ஒன்று எழுதியிருந்தேன். எழுதி, மறந்தும் போயிருந்தேன். அப்போது எதிர்வீட்டுப் பெண்ணோடு எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

“போதும்க்கா” என்றேன். “எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. நம்பிட்டேன்.”

“நான் நம்பணும்ல?” மார்ச்சுக்குச் சரிக்குறி.

“தொண்ணூத்து மூணை விட்டுடலாமே. அந்த வருசம் ஒண்ணும் விசேசமில்லை. சும்மா மழைதான்.”

“அப்படி விடுற இடத்துலதான்ணே கெட்டுப்போயிருக்கும்.” ஏப்ரல்.

வாசலில் என் மனைவி தலை தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. எழுந்தே விட்டேன்.

“உட்காருங்க. வேலை நடக்குறப்ப எந்திரிக்காதீங்க” என்றாள் என் மனைவி. “அக்கா, நான் இங்கேயே எடுத்துட்டு வந்துடறேன். நீங்க முடிங்க.”

மே. ஜூன். ஜூலையில் ஒரு மாமரம் விழுந்ததற்கு அரைப் பக்கம் எழுதியிருந்தேன்; அதை முழுக்க வாசித்தார். இன்னும் இரண்டு மரம் விழுந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. முப்பத்திரண்டாவதான ஆகஸ்ட் கோப்பைத் திறந்தார். முதல் வரி மழை. நடுவில் ஒரு பத்தி என்று சுட்டியை உருட்டியவர், அந்த மாதத்தின் மூன்றாவது வியாழனில் நிறுத்தினார். அதே குரலில் வாசித்தார்.

“‘எதிர்வீட்டுப் பெண் இன்று தொழிற்சாலை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பாகங்கள் காணாமற்போன விவகாரம் என்று பேச்சு.’”

பழைய டிஸ்க் ‘டக்’ என்றது.

அவர் பக்கத்து ஜன்னலில் பழைய கோப்பைப் பார்த்தார். இரண்டையும் ஒப்பிட்டார். “வியாழக்கிழமைதான்” என்றார். “கிழமை சரி.”

“அக்கா...”

“யாரு சொன்னாங்க?”

“சாயங்காலம் மளிகைக் கடையில பேசிக்கிட்டாங்க.”

“நீங்க பார்த்தீங்களா?”

அவர் நாற்காலியைச் சற்றுத் திருப்பிக்கொண்டார். கோபமாக இருந்தாரா என்று சொல்ல முடியவில்லை.

“நீக்கலைண்ணே. நானா வந்துட்டேன். அன்னிக்குக் கப்பலுக்குச் சரக்கு போகணும். ஐம்பது பெட்டி அடுக்கியிருக்கு. நாலைப் பார்த்துட்டு மிச்சத்துக்கும் சாப் குத்துன்னாரு சூப்பர்வைசர். பார்க்காததுக்கு எப்படிக் குத்துறது? எல்லாரும் குத்துறாங்க, உனக்கு என்னா சூசா, உனக்கு மட்டும் என்னா கஷ்டம்னு கேட்டாரு. சாப்பை எடுத்துப் பெட்டி மேல வச்சேன். வந்துட்டேன். காணாமப்போனது ஒண்ணுமில்ல.”

நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். அந்த இரண்டு வரியை அழிக்க ஒரு நொடி போதும். அக்கா என் கையைத் தடுத்து, விசைப்பலகையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

“என் மேசையில அழிக்காதீங்க.”

“தப்பா எழுதியிருக்கேன்க்கா. இது புத்தகமா வரப்போகுது.”

“தெரியும். பழசுல என்னா இருந்துச்சோ அதுதான் புதுசுல இருக்கணும். ஒரு வரி குறைஞ்சாலும் நான் செஞ்ச வேலை தப்பு. வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்க என்னா வேணா செஞ்சுக்குங்க. அது உங்க வேலை.”

முப்பத்திரண்டுக்கு நேராகச் சரிக்குறி போட்டார். மற்றவற்றுக்குப் போட்ட அதே அளவில். பிறகு செப்டம்பரைத் திறந்தார். என் மனைவி கொண்டுவந்த சோற்றை மூவரும் அங்கேயே சாப்பிட்டோம். நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை, குறித்தும் வைக்கவில்லை. நூற்றாறாவது கோப்பு முடியும்போது மாலை ஐந்தேகால்.

அந்த வாரம் முழுவதும் அந்த இரண்டு வரியோடு மல்லுக்கட்டினேன். அழித்துவிட்டு, அவர் சொன்னதை நல்ல தமிழில் விரிவாக எழுதினேன்: ஐம்பது பெட்டி, கப்பல், சூப்பர்வைசர், நேர்மை. அரைப் பக்கம் வந்தது. அச்செடுத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

வாய்விட்டு வாசித்து முடித்து, தாளை என்னிடமே நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதையும் நீங்க பார்க்கலையே. அன்னிக்கு மளிகைக் கடை சொல்லிச்சு, எழுதினீங்க. இன்னிக்கு நான் சொன்னேன், எழுதியிருக்கீங்க.”

“நீங்க பொய் சொல்லமாட்டீங்கக்கா.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

திரும்பி வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் மாதத்தின் அந்த வியாழன் நான் எங்கே இருந்தேன்? அலுவலகத்தில் இல்லை. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்து, சாயங்காலம் மளிகைக் கடைக்கு எழுந்து போகும்வரை முன்னறை ஜன்னலோரம் படுத்திருந்தேன். அப்படியானால் நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எழுதாமல், கேட்டதை எழுதியிருக்கிறேன். மெல்ல மெல்ல அது திரும்ப வந்தது. மறுநாள் காலை இன்னொரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘காலை பதினொன்றுக்குச் சற்று முன்பு எதிர்வீட்டுப் பெண் சீருடையில் தனியாக நடந்து வந்தார். தொழிற்சாலை பஸ் வரும் நேரமல்ல. தலையில் தொழிற்சாலையின் நீல வலைத்தொப்பி. வாசலில் நின்று செருப்பைக் கழற்றித் தூசி தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகுதான் கதவைத் திறந்தார்.’”

நிறுத்திவிட்டுத் தலைமேல் கைவைத்துப் பார்த்தார்.

“தொப்பியோடவா வந்தேன்?”

“ஆமாக்கா.”

“ஆயர் குரோவிலேருந்தா? டவுன் பஸ்ஸு மாறி, பசார் வழியா நடந்து... ஒருத்தர்கூடச் சொல்லலையே!” உடம்பு குலுங்கச் சிரித்தார். “பஸ்ஸுல ஒரு சீனக் கிழவி என்னையே பார்த்துக்கிட்டு வந்துச்சு. நானும் என்னாடான்னு இருந்தேன்!”

சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். தாளின் கடைசி வரியை இன்னொரு முறை, இந்தத் தடவை சத்தமில்லாமல் வாசித்தார்.

“அண்ணே, அழுதுகிட்டா வந்தேன்?”

நான் யோசித்தேன். அந்த ஜன்னல், அந்த வெயில், வாசலில் குனிந்து நின்ற முதுகு.

“முகம் தெரியலைக்கா. அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்க.”

“பார்க்கலையே?”

“பார்க்கலை.”

“அப்ப எழுதாதீங்க” என்று தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.